மூன்றாவது முறை என்று நான் சொன்ன பீர்

இந்த வாரம் இதை எழுதப்போகிறேன் என்றதும், "எழுதுங்க. ஆனா முழுசா எழுதுங்க. உங்களுக்குச் சாதகமா பாதில நிறுத்தக் கூடாது" என்றாள் எஸ்தர். எஸ்தர் என் மனைவி. தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தகவல் போதும்: அவள் பொய் சொல்ல மாட்டாள். நான் சொல்வேன்.

எங்கள் அலுவலகக் குடியிருப்பின் வாசல். தை மாதத்துக் காலை, வெயில் இன்னும் உறைக்கவில்லை. ஸ்கூட்டரில் நான் முன்னால், எஸ்தர் பின்னால். அவள் மடியில் பச்சை ஒயர் கூடை. கூடைக்குள் கார்க் அடைத்த மூன்று பழைய ஸ்குவாஷ் பாட்டில்கள், ஒன்றோடொன்று இடிக்காதபடி துண்டு சுற்றி நின்றன. செக்போஸ்ட் காவலர் ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினார்.

ஏழுமலை சதுரங்கப்பட்டினத்துக்காரர். தினமும் பார்க்கிற முகம் என்பதால் சாதாரணமாகக் கையை அசைத்து அனுப்பிவிடுவார். அன்று காதைச் சுற்றி மப்ளர், சிவந்த கண்கள், உறிஞ்சிக்கொண்டே இருந்த மூக்கு.

"கூடைல இன்னா கீது சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொன்னாள்: "நெலவேம்பு போட்டுக் காய்ச்சினதுங்க. மாபலிபுரத்துல ஒருத்தருக்கு எடுத்துனு போறோம்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நிலவேம்பு போட்டிருந்தோம். காய்ச்சியிருந்தோம். மாமல்லபுரத்தில் ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தார்.

"எனுக்குக்கூட ரெண்டு நாளா ஒடம்பு வலிமா. ஒரு முழுங்கு ஊத்துங்க" என்று தன் பிளாஸ்க் மூடியை நீட்டினார் ஏழுமலை.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் சாலையோரத்துச் சவுக்குத் தோப்பைப் பார்த்தேன். நோயாளிக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. கார்க்கைத் திருகி எடுத்து, இரண்டு விரல் உயரம் ஊற்றினாள். கறுப்பாக, ஓரத்தில் பழுப்பு நுரையோடு விழுந்தது.

"நொரைக்குதே?"

"ஸ்கூட்டர்ல குலுங்கிச்சு" என்றேன். இது பொய்; இதை நான் சொன்னேன்.

ஏழுமலை ஒரே மூச்சில் குடித்தார். ஒரு கண் மூடிக்கொண்டது. "புளிப்பா கீது சார்" என்றார். நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார். "கசப்பும் கீது. தொண்டைக்கு எதமாத்தான் கீது. போய்னு வாங்க."

தடுப்புக் கட்டை உயர்ந்தது. எனக்கு வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. கூடையில் இருந்தது பீர். அதை உலகத்தில் முதன்முதலாகக் குடித்துப் பார்த்தவர் ஏழுமலைதான். அவர் புளிப்பு என்கிறார். புளித்த பீர் என்றால் கெட்டுப்போன பீர். இன்னும் அரை மணி நேரத்தில் அதை ஓர் இங்கிலாந்துக்காரர் குடிக்கப்போகிறார். அவரிடம் நான், இதை ஏற்கெனவே இரண்டு முறை வெற்றிகரமாகச் செய்தவன் என்று எழுதியிருந்தேன்.

பொய் பிறந்த இடம்

தொண்ணூறுகள் முடிகிற சமயம். செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடை மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். தண்ணீரில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்வது என் தொழில். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய், பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, எழுத்துத் தேய்ந்த கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று தேடினேன். கோட்டையைப் பற்றி இரண்டு வரிதான் கிடைத்தது. அதற்குக் கீழே வந்தது இங்கிலாந்துக்காரர்கள் சிலர் நடத்திய ஒரு மின்னஞ்சல் கடிதக் குழு. நூறு, இருநூறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் ஊர் ஆலைகளில் காய்ச்சிய பீர்களை, பழைய குறிப்பேடுகளைப் பார்த்துத் தங்கள் வீட்டு அடுப்பில் திரும்பக் காய்ச்சிப் பார்க்கிறவர்கள்.

அதில் ஹெரால்ட் என்பவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து சோழமண்டலக் கரையில் இறங்கிய பீர்ப் பீப்பாய்கள், கிடங்கில் கிடந்தபோது எவ்வளவு சூடு பட்டிருக்கும்? யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். காலையும் மாலையும் அதைப் பார்த்துக் குறித்து வைப்பது என் வியாதி. மாதவாரியாகத் தட்டி அனுப்பினேன்.

அவர்கள் கொண்டாடிவிட்டார்கள். ஹெரால்ட் என்னை "எங்கள் கடற்கரை நிபுணர்" என்று எழுதினார். வீட்டிலும் அலுவலகத்திலும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்த வரியைப் பிரின்ட் எடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்து அவர்களில் ஒருவர், நீங்கள் அங்கே காய்ச்சிப் பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று அடிக்க மூன்று விநாடி ஆகும். நான் அடித்தது: "இரண்டு முறை. முதல் முறை சுமார். இரண்டாவது பரவாயில்லை." அந்தப் பரவாயில்லையில்தான் பொய் நிஜம்போல நின்றது. பிறகு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதையும் கற்பனையாக ஒரு பக்கம் எழுதினேன்.

ஐப்பசி மழையில் ஹெரால்டிடமிருந்து கடிதம் வந்தது. வேடந்தாங்கலில் பறவை பார்க்க ஜனவரியில் வருகிறாராம். மாமல்லபுரத்தில் நான்கு நாள் தங்கல். "உங்கள் மூன்றாவது முறையை நேரில் சுவைக்கக் காத்திருக்கிறேன்."

உண்மையை எழுதியிருக்கலாம். ஆனால் உலகத்திலேயே என்னை நிபுணர் என்று நம்பியவர்கள் அந்த ஏழெட்டுப் பேர்தான். அவர்களை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

மூட்டை தூக்கியவர்களின் பானம்

இவ்வளவுக்கும் நான் குடிக்கிறவன் இல்லை. பிறகு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள்.

அந்தக் குழுவில்தான் போர்ட்டர் என்கிற கறுப்பு பீரைப் பற்றிப் படித்தேன். லண்டனில் தெருத் தெருவாக மூட்டை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்தது. அவர்களை வைத்தே அதற்குப் பெயர். இந்தியாவுக்குக் கப்பலில் வந்தது துரைமார்களின் வெளுத்த பீர் மட்டும் இல்லை. சாதாரண சிப்பாய்களுக்கு இந்தக் கறுப்பு பீரும் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கியது.

என் அப்பா மதுராந்தகம் மண்டியில் நெல் மூட்டை தூக்கியவர். பத்து மணிக்கு நின்றபடியே ஒரு சொம்புக் கூழ் குடித்துவிட்டு அடுத்த லாரிக்கு முதுகைக் கொடுப்பார். அப்படிப்பட்ட ஆட்களின் பெயரை ஒரு பானத்துக்கு வைத்திருந்தார்கள் என்பதும், இருநூறு வருடம் கழித்து அதன் ருசியைத் தேடிப் படித்தவர்கள் அலைகிறார்கள் என்பதும் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஹெரால்டுக்குக் காய்ச்சுவதென்றால் போர்ட்டர்தான் என்று முடிவு செய்தேன்.

எஸ்தரின் நிபந்தனை

எஸ்தரிடம் பாதி உண்மையைச் சொன்னேன். வெளிநாட்டு நண்பர் வருகிறார், அவர் ஊர் பழைய பீரைச் செய்து கொடுக்க வேண்டும். இரண்டு முறை செய்ததாக எழுதியதைச் சொல்லவில்லை.

வீட்டில் இப்படிக் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். அது அப்போதும் எனக்குத் தெரியும். யாரும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். எஸ்தருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. அவள் வீட்டில் தலைமுறையாக மது தொடுவதில்லை என்று சபையில் உறுதி எடுத்தவர்கள். ஒரு நாள் முழுக்க யோசித்தாள்.

"அந்த மனுசனுக்கு அது அவங்க ஊர்ப் பண்டம். செஞ்சி குடுக்கலாம்" என்றாள். "ஆனா நம்ம வூட்ல யாரும் ஒரு சொட்டு வாய்ல வெக்கக் கூடாது. நீங்களும்தான். ருசி பாக்கறேன்னு ஆரம்பிச்சீங்கன்னா மொத்தத்தையும் சாக்கடைல கொட்டிடுவேன்."

ருசி பார்க்காமல் சமைக்கிற மாதிரிதான். ஒப்புக்கொண்டேன்.

தீட்டிய பார்லி

பீருக்கு முதலில் பார்லியை முளைக்க வைக்க வேண்டும். மளிகைக் கடையில் இரண்டு கிலோ வாங்கி வந்து, ஈரத்துணியில் கட்டி, தெர்மாமீட்டரைச் சொருகி, நாலு மணிக்கு ஒரு தரம் குறிப்பு எடுத்தேன். ஐந்து நாளில் மூட்டை நாறியது. ஒரு முளையும் இல்லை.

எஸ்தர் ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். "இது கஞ்சிக்குத் தீட்டின பார்லிங்க. அரிசிய ஊறவெச்சா நாத்து வருமா? இதுக்கு அஞ்சு நாள் கணக்கு வேற எழுதனீங்களா?"

விஞ்ஞானியான நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன். என்னோடு வேலை பார்த்த பாண்டே, பீகார்காரர், தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார். தொலைபேசியில் சொல்லி, தோலோடு முழுப் பார்லி பத்துக் கிலோ கொண்டுவரச் சொன்னேன். ஹோமத்துக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு வேலை என் கையில் இல்லை. எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது எஸ்தர் மாதாமாதம் கேழ்வரகை முளைகட்டி மாவு செய்தவள். அதே முறைதான். ஒரு இரவு ஊறவைத்தாள், பழைய பருத்திப் புடவையில் கட்டித் தொங்கவிட்டாள், வேளைக்கொரு தரம் தண்ணீர் தெளித்தாள். மூன்றாம் நாள் துணியைப் பிரித்தபோது ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

மழை விட்ட நாட்களாகப் பார்த்து மொட்டை மாடியில் காயவைத்தாள். பக்கத்து வீட்டம்மா, "கொழந்தைக்குக் கஞ்சியா?" என்று கேட்டாள். "கொழந்தைக்கு இல்லீங்க, ஒரு பெரியவருக்கு" என்றாள் எஸ்தர்.

காய்ந்ததில் ஒரு பங்கை இரும்பு வாணலியில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுத்தாள். கறுப்பு நிறம் அதிலிருந்துதான் வரும். மாடிப்படி வரை வாசனை இறங்கியது.

பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைக்க வேண்டிய சூடு மிக முக்கியம். கூடினாலும் குறைந்தாலும் இனிப்பு இறங்காது. நான் தெர்மாமீட்டரும் கையுமாக அண்டாவைச் சுற்றினேன். தெர்மாமீட்டர் வருவதற்கு முன்னால் ஆலைக்காரர்கள் கொதிநீரை ஆறவிட்டு, ஆவி விலகித் தண்ணீரில் தங்கள் முகம் தெரிகிற நேரம் பார்த்துப் பார்லியைக் கொட்டுவார்களாம். எஸ்தரிடம் இதைச் சொன்னதும் குனிந்து எட்டிப்பார்த்தாள். "தெரியுது. கொட்டுங்க" என்றாள். என் அளவில் இன்னும் அரை டிகிரி இருந்தது. அவள் கொட்டிவிட்டாள்.

கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூவைப் போடுவார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்த ஒருவர் கொடுத்தது கைப்பிடிகூட இல்லை. மீதிக் கசப்புக்கு நாட்டு மருந்துக் கடை நிலவேம்பு. பூ கிடைக்காத காலத்தில் அங்கேயும் வேறு கசப்புச் செடிகளைப் போட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். ஆகவே மனசாட்சி உறுத்தவில்லை.

வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிபோட்ட பெரிய பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினோம். செங்கல்பட்டு பேக்கரியில் வாங்கிய ஈஸ்டைத் தூவினேன். இனி அது நுரைத்துப் பொங்க வேண்டும்.

அசையாத குடம்

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் குடத்தில் காதை வைத்துக் கேட்டேன். கிணறு போல மௌனமாக இருந்தது. ஈஸ்ட் பழசாகிச் செத்திருக்க வேண்டும்.

வேறு ஈஸ்டுக்குச் சென்னைக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் ஆய்வு நடந்துகொண்டிருந்ததால் விடுப்புக் கிடையாது. பாண்டேயின் பார்லி முழுவதும் குடத்துக்குள் இருந்தது. ஹெரால்ட் டிக்கெட் எடுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கடிதத்தை மனசுக்குள் இங்கிலீஷில் எழுதி எழுதி அழித்தேன்.

நான்காம் நாள் மாலை வீட்டுக்கு வந்தேன். மூடியைத் தூக்கிக்கொண்டு நுரை வழிந்திருந்தது. என் வயதை மறந்து குதித்தேன். ஈஸ்டுகள் தாமதமாக விழித்துக்கொள்ளும் இயல்பு உடையவை என்று எஸ்தருக்கு ஒரு விரிவுரை வேறு ஆற்றினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

அதன்பின் ஏழு வாரம் குடம் சமையலறை மூலையில் இருட்டில் இருந்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் நான் விரலைக்கூட நனைக்கவில்லை. அப்படித்தான் ஏழுமலை முந்திக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் ஒரு மாடி அறை

குடியிருப்புக்குள் வெளிநாட்டுக்காரரை அழைத்துவர ஏகப்பட்ட கையெழுத்து வேண்டும் என்பதால்தான் பீர் அவரைத் தேடிப் போனது. கடற்கரைச் சந்தில் ஒரு விடுதி. கீழே சிற்பப் பட்டறை, உளிச் சத்தம் நிற்காது. ஹெரால்ட் ஒல்லியான, நெட்டையான மனிதர். வேடந்தாங்கல் வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. வேட்டியைத் துண்டு மாதிரி சுற்றிக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரோடு எழுந்து வந்து எஸ்தருக்குக் கைகூப்பினார்.

பீர் குடிக்கத் தன் ஊரிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரைக் காலுறைக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தார். மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. "காய்ச்சியவர்" என்று போட்டு என் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

ஊற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"வெயில் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது மூன்றாவது முறைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்னாங்க, மூணுன்றாரு?" என்றாள் எஸ்தர்.

"எத்தனை பாட்டில்னு கேக்கறாரு" என்றேன். எஸ்தர் அவரைப் பார்த்து மூன்று விரல் காட்டினாள்.

ஹெரால்ட் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இந்தப் புளிப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? அந்தக் காலத்துப் போர்ட்டர் பெரிய மரத்தொட்டிகளில் ஒரு வருடம், அதற்கும் மேல் கிடக்கும். அதில் புளிப்பாக ஒரு கூர் ஏறும். குறிப்பேடுகள் எல்லாம் அதைச் சொல்கின்றன. ஒன்பது வருடமாக முயல்கிறேன். எனக்கு வினிகர்தான் வருகிறது. இது சுத்தமாக இருக்கிறது. எப்படி?"

பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

எனக்குத் தெரியாது. ஆனால் என் வாய் தயாராக இருந்தது. "கடற்கரைச் சூடு..." என்று தொடங்கியும்விட்டேன்.

எஸ்தர் என் கையைத் தட்டினாள். "இன்னா கேக்கறாரு?"

"புளிப்பு எப்படி வந்துச்சுன்னு."

"மாவு ஊத்தினேன்ல."

"என்ன மாவு?"

"தோச மாவு. மூணு நாளா கொடத்தப் பாத்துனு சாப்பிடாம இருந்தீங்க. நாலாவது நாள் நீங்க ஆபீஸ் போனதும் மூணு நாள் பழைய மாவு ஒரு கரண்டி ஊத்திக் கலக்கிட்டேன். எதுனா பொங்கலன்னா அதானே செய்வோம். சாயங்காலம் பொங்கிச்சு. நீங்க பாடம் நடத்தனீங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல. சந்தோசமா இருந்தீங்க, இருக்கட்டும்னு வுட்டேன்."

ஹெரால்ட் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எஸ்தருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் ஒருவன்தான். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மாவு என்று சொன்னால், முந்தைய இரண்டு முறையும் மாவா என்று கேட்பார். கடற்கரைச் சூடு என்றால் என் நிபுணர் பட்டம் இன்னும் உயரும்.

ஆனால் அவர் ஊருக்குப் போய்ப் பீப்பாயைக் கணப்பு அடுப்புப் பக்கத்தில் வைத்து இன்னும் ஒன்பது வருடம் காத்திருப்பார். அதை நினைத்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு கரண்டி மாவை மறைத்து ஒரு மனிதனின் வாழ்நாளைத் திருட வேண்டுமா?

சொன்னேன். மாவைச் சொன்னேன். இதற்கு முன்னால் நான் ஒருமுறைகூடக் காய்ச்சியதில்லை என்பதையும் சொன்னேன். அந்த ஒரு பக்கக் குறிப்பு முழுவதும் கற்பனை என்பதையும்.

ஹெரால்ட் பேனாவைக் கீழே வைத்தார். உரிந்த மூக்கு மேலும் சிவந்தது. "அதை எங்கள் குழுவின் இதழில் போட்டேன்" என்றார் மெதுவாக. "அதை நம்பி ஒருவர் காய்ச்சினார். முழுவதும் வீண்."

"மன்னித்துக்கொள்ளுங்கள்."

"திருத்தம் போட வேண்டியிருக்கும்."

"போடுங்கள்" என்றேன். அந்த ஏழெட்டுப் பேர் அதைப் படிப்பார்கள்.

"இன்னாங்க, மொகம் செத்துப்போச்சு?" என்றாள் எஸ்தர். அவளிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. நிதானமாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு தடவ செஞ்சீங்களா? எந்த வூட்ல?" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று ஹெரால்ட் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கோபத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. தம்ளர் ஆட ஆடச் சிரித்தார்.

பிறகு நோட்டை இழுத்து, என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். புத்தகத்தை எஸ்தர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். அவள் தயங்கினாள். தான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லையே, எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். தமிழில் எஸ்தர் என்று எழுதினாள். அடித்த என் பெயரைப் பார்த்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் அவள் பெயர் அங்கே இருந்த அழகு, என் பெயருக்கு இருந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹெரால்ட் கீழே குறிக்கத் தொடங்கினார். எவ்வளவு மாவு? எஸ்தர் உள்ளங்கையைக் குழித்துக் கரண்டி அளவு காட்டினாள். எத்தனை நாள் பழசு? மூன்று. எந்த அரிசி? புழுங்கல். ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு எழுதினார். அவள் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவள் போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்கையை இடித்தாள்.

"அன்னைக்கு உளுந்து கொஞ்சம் தூக்கலா போட்டிருந்தேன். அதையும் எழுதச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே சொன்னேன்.